பொகக்காரம்மா

கைக்குழந்தை யார் மடியில் இருந்தாலும் அவர் கேட்காமலே வாங்கிவிடுவார். வாங்கியதும் முகத்தைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உச்சந்தலையில் மூக்கை வைத்து, நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். இழுத்த மூச்சைக் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருப்பார். பார்க்கிறவர்கள் உச்சி முகர்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற பஸ்ஸில்தான் அவரை முதலில் பார்த்தேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சுகாதார நிலையத்தில் எனக்கு மருந்தாளுநர் வேலை கிடைத்திருந்தது; சேரப் போய்க்கொண்டிருந்தேன். என் ஊர் சின்னசேலம். அங்கே ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை வடமேற்கே நீலமாக ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் ஏறிப்போகும் நாள் வருமென்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் மேகம் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வந்து இன்னொரு ஜன்னல் வழியாக வெளியே போனது. பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு முன் சீட்டில் இருந்த ஐம்பது வயது அம்மா, பக்கத்தில் இருந்த பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கி முகர்ந்தார். பிறகு கேட்டார்:

"வூட்டுக்குள்ளயே அடுப்பா?"

"ஆமா. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"ஜன்னல் இருக்குதா?"

"ஜன்னலா? குளுரு வர்றதுக்கா?"

"புள்ள தலையில ஒரு கட்டு வெறகு எரிஞ்ச வாசன அடிக்குது" என்று சொல்லிக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் வெளியே மேகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் தன் குழந்தையின் தலையைத் தானும் ஒரு முறை முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய புடவை, தலைமுடி, அவள் கொண்டுவந்த பை எல்லாவற்றிலும் அதே வாசனைதான்.

மறுநாள் வேலைக்குப் போனால் அதே அம்மா அங்கே உட்கார்ந்து தடுப்பூசிப் பெட்டியில் பனிக்கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மலையில் ஊர் ஊராகப் போய் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற நர்ஸ் அவர். தியாகதுருகம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெயரைச் சொல்லி விசாரித்தால் மலையில் யாருக்கும் தெரியாது. பொகக்காரம்மா என்றால் ஓடைக்கு அந்தாண்டை இருக்கிற ஊரிலும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். எனக்கு அவருடைய பெயர் தெரியும். ஆனாலும் இங்கே அவர் பொகக்காரம்மாவாகவே இருக்கட்டும்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நானே ஒருநாள் பார்த்தேன். மருந்து கொடுக்கிற முகாமுக்காக அவருடன் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். தாழ்வான கூரை வீடுகள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் இருட்டு. இருட்டுக்குள் ஒரு அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் தூளியில் குழந்தை. மேலே பரணில் சோளக் கதிர் காய்ந்துகொண்டிருக்கும். கூரை மூங்கிலெல்லாம் எண்ணெய் பூசினது போலக் கறுத்து மினுமினுக்கும். மூலையில் காஸ் சிலிண்டர் நிற்கும், அதன் தலையில் ஒரு குத்துவிளக்கும் சீப்பும். தீர்ந்துபோனால் மலையிறங்கித்தான் வாங்கிவர வேண்டும் என்பதால், விருந்தாளி வந்தால் மட்டும் அதில் டீ போடுவார்கள்.

அன்றைக்கு இவர் உள்ளே போனார். தூளியை விலக்கிப் பார்த்தார். பேசாமல் குனிந்து, எரிகிற விறகை அப்படியே உருவி, கையில் தீவட்டி மாதிரி பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து மண்ணில் போட்டார். அந்த வீட்டுப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா? உல வச்சிக்கிறேன். சோறு யாரு பொங்குவா, நீயா?"

"நான்தான் பொங்கறேன். நீ புள்ளயத் தூக்கினு வெளிய வா."

சொன்னபடியே செய்தார். வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, பானையை ஏற்றி, கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தார். சமையல் அவருக்குச் சுத்தமாக வராது. களி கட்டி கட்டியாக வந்தது. ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். அடுப்பை அணைத்ததற்குச் சண்டை போட்டவளே கடைசியில் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு, "தள்ளுங்க நர்சம்மா, பன்னிகூடத் தின்னாது இத" என்றாள்.

அவள் கிளறும்போது இவர் கேட்டார். "நீ பீடி குடிப்பியா?"

"சீ! நானா?"

"உம் புள்ள குடிக்குது. பொறந்ததுலேர்ந்து காலையும் சாயங்காலமும் உம் பக்கத்துல படுத்துக்கினு குடிக்குது. அப்பறம் சளி புடிச்சிச்சி, மாரு இழுக்குதுன்னு எங்கிட்டத் தூக்கினு வர்ற."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் துடுப்பை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள்.

அவருக்கு ஏன் இப்படி ஒரு பிடி என்று ஊருக்கு ஊர் ஒரு கதை இருந்தது. சொந்தக் குழந்தையைச் சளிக்குப் பறிகொடுத்தவர், அதுதான் இப்படி ஆகிவிட்டார் என்று ஒரு டீக்கடைக்காரர் என்னிடம் கண்கலங்கச் சொன்னார். நான் அதை நம்பி, பல நாள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் இளகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் என்னைப் 'பார்மசி' என்றுதான் கூப்பிடுவார்.

"யாரு பார்மசி சொன்னது? எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கானுங்க. ஒருத்தன் சேலத்துல, ஒருத்தன் சென்னையில."

"அப்பறம் ஏன்க்கா?"

வெளியே மேகம் இறங்கி, வாசலில் இருந்த பலா மரத்தைப் பாதிக்குமேல் விழுங்கியிருந்தது.

"தெனமும் பாத்துக்கினு இருந்தேன். வேற இன்னா? பாத்தா போதாதா?"

நான் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரைகளை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

எனக்குக் குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து மலைக்குத் திரும்பினபோது என் மகளையும் வாங்கி முகர்ந்தார். முகம் சுளித்தார். "சாம்பிராணியா?" என்றார். குளிப்பாட்டி முடித்ததும் தலைக்குச் சாம்பிராணி காட்டுவது எங்கள் வீட்டில் தவறாது. "அது நல்லதுதானக்கா, வாசனையா இருக்குமே" என்றேன். "வாசனையா இருந்தா அது பொக இல்லயா?" என்று கேட்டு, என் மகளின் தலையைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். அன்று சாயங்காலம் நான் சாம்பிராணிக் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எனக்குக் கோபம்தான். ஆனால் குழந்தையைத் தூங்கவைக்கும்போது அதன் தலையில் முதன்முதலாகப் பால் வாசனை மட்டும் அடித்தது. வெகுநேரம் முகர்ந்துகொண்டே படுத்திருந்தேன்.

சின்னப்பொண்ணு விஷயம் நடந்தது அதற்கடுத்த மார்கழியில்.

ஓடைக்கு அந்தாண்டை ஊரில் சின்னப்பொண்ணும் அவள் புருஷன் சடையனும் இருந்தார்கள். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. ஏற்கனவே ஒரு பையன். அடுத்ததாக ஒரு பெண் குழந்தை, பிறக்கும்போதே எடை கம்மி. மழைக்காலம் முழுக்க ஓடையில் தண்ணீர் போனதால் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவர முடியவில்லை. தண்ணீர் வடிந்ததும் முதல் ஆளாக ஓடையைக் கடந்து போனவர் இவர்தான். போய்க் குழந்தையைப் பார்த்தார், முகர்ந்தார், வழக்கம்போல அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்தார். சின்னப்பொண்ணு சண்டை போடுகிற பெண் இல்லை. நர்சம்மா சொன்னால் சரியென்று அடுப்பை வெளியிலேயே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் குளிர் இறங்கியது. மலைக்கே புதிது என்று பெரியவர்கள் சொன்ன குளிர். மருந்து ஜன்னலில் மாத்திரை எண்ணும்போது என் விரல் விறைத்தது. மூன்றடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு காலை சின்னப்பொண்ணு வந்தாள், மார்போடு அணைத்த துணி மூட்டையோடு. மூட்டைக்குள் குழந்தை. அழவில்லை. மூக்கு ஓரங்கள் விரிந்து விரிந்து சுருங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே வயிறும் மாரும் சேருகிற இடம் குழியாக உள்ளே போனது. தொட்டால் சில்லென்றிருந்தது.

எங்கள் டாக்டர் அப்போதுதான் படிப்பு முடித்து வந்த பெண். உடனே முதல் ஊசியைப் போட்டாள், ஆக்சிஜன் வைத்தாள், ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். வண்டி வரும்வரை பொகக்காரம்மா குழந்தையைத் தன் ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூரையிலிருந்து பனி சொட்டுகிற சத்தமும் அந்தச் சின்ன முனகலும் மட்டும் கேட்டன.

வண்டியில் அவர்தான் கூடப் போனார். மலையிறங்கும்போது வண்டியின் விளக்கு பனிக்குள் மஞ்சளாகக் கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு இல்லாமல் போனது.

சாயங்காலம் போன் வந்தது. கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்தும் குழந்தை தங்கவில்லை.

ஓடைக்கரையில் அடக்கம் முடிந்த பிறகு சின்னப்பொண்ணு எங்கள் வாசலுக்கு வந்தாள். அழுத முகம் இல்லை. பொகக்காரம்மா எதிரே நின்றார்.

"நீங்கதான அடுப்ப அணைச்சீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. டாக்டருக்கும்தான். அவள் என்னிடம் சொன்னாள்: "ஒரு காரணமா இருக்கு இதுக்கு? பிறந்தப்பவே எடை இல்ல. தாய்ப்பாலோட சர்க்கரைத் தண்ணியும் குடுத்திருக்காங்க. தடுப்பூசி இல்ல. அண்ணன்காரனுக்குச் சளி, அது இதுக்கு ஒட்டியிருக்கு. அவ்வளவு நாள் பொகை. அப்பறம் குளிர். அப்பறம் அந்த ஓடை, அந்தத் தூரம். எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரு சின்ன நெஞ்சுமேல ஏறி உட்கார்ந்தா?" நான் அதைப் பொகக்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், நானே போகிறேன் என்றேன்.

"வேணாம் பார்மசி" என்றார் அவர். "அவளுக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும். ஓடை மேல கோவப்பட முடியுமா? நானே இருந்துட்டுப் போறேன்."

தடுப்பூசிப் பெட்டியை மூடிக்கொண்டே, "குளுர நான் யோசிக்கலதான" என்றார்.

பொங்கலுக்குப் பிறகும் அவர் ஊர்களுக்குப் போனார். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. வாசலில் நின்றே ஊசி போட்டார். குழந்தையை வாங்கினார், முகர்ந்தார், ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார். விறகை உருவுகிற கை சும்மா இருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. சண்டை போட்ட பெண்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "நர்சம்மாவுக்கு ஒடம்பு சரியில்லயா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள்.

பிறகு ஒரு பழக்கம் ஆரம்பித்தார். விடிந்தும் விடியாத நேரத்தில், குளிர் நன்றாக இருக்கும்போதே, ஏதாவது ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, "உள்ள வரட்டா?" என்று கேட்பார். அவர் அப்படிக் கேட்பது அதுவரை யாரும் பார்க்காதது. உள்ளே போய், அடுப்பைத் தொடாமல், எல்லோரோடும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார். கண்ணில் தண்ணீர் வழிய, இருமிக்கொண்டே கேட்பார். யார் எங்கே படுப்பீர்கள், புள்ள எந்தப் பக்கம், காற்று எங்கேயிருந்து வருகிறது. அவர்கள் சொல்லச் சொல்லக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அதற்கப்புறம் அவர் சொன்னது வேறாக இருந்தது. "நெருப்ப வச்சிக்க. பொகைய மட்டும் அனுப்பிடு." அடுப்புக்கு நேர் மேலே கூரையை விலக்கி, மழை உள்ளே வராமல் சின்னதாக ஒரு குடை மாதிரி இன்னொரு கூரை போடச் சொன்னார். மூங்கில் வேலை தெரிந்த ஆள்கள் அதைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். செய்து முடித்த வீட்டிலிருந்து புகை நேராக மேலே போனதைப் பார்க்க ஊரே வெளியே வந்து நின்றதாம். தூளியை அடுப்பிலிருந்து தள்ளிக் கட்டச் சொன்னார். "அப்ப புள்ள குளுருமே" என்றால், "அப்பங்காரன் எதுக்கு இருக்கான்?" என்பார். சட்டைக்குள் வெறும் நெஞ்சோடு குழந்தையை வைத்துக் கட்டிக்கொள்ள ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் வெட்கப்பட்டார்கள். அடுத்த பனிக்காலத்தில், காலை வேளையில் டீக்கடைக்குப் பனிக்குள்ளிருந்து வருகிற ஆண்களுக்குக் கழுத்துக்குக் கீழே இன்னொரு தலை இருந்தது. குல்லாய் போட்ட சின்னத் தலை. அந்தக் காட்சியை நான் நிஜமாகப் பார்த்தேனா, கனவில் பார்த்தேனா என்று இப்போதும் சில சமயம் சந்தேகம் வரும்.

சின்னப்பொண்ணு வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. அவளுக்கு மறுபடியும் குழந்தை பிறந்தது, பையன். அவள் வேண்டுமென்றே உள்ளேயே அடுப்பு மூட்டுகிறாள் என்று கேள்விப்பட்டோம். தடுப்பூசிக்குக் குழந்தையைச் சடையன்தான் தூக்கி வந்தான். பொகக்காரம்மா ஊசி போட்டார். அவன் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டான்.

"கூரய எங்க பிரிக்கணும், நர்சம்மா?"

"அவ ஒத்துக்கினாளா?"

"வேணாம்னு சொல்லல."

அவர் மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். அவன் பார்த்துக்கொண்டு போனான். அந்த வீட்டிலும் கூரை திறந்ததா என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆனால் ஓடைக்கரை வரை போகிற நாட்களில், அக்கரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார் என்று வண்டி ஓட்டுகிறவர் சொன்னார். ஒருநாள் திரும்பி வந்து என்னிடம் சிரித்தார். "நேரா மேல போவுது பார்மசி" என்றார்.

ஐப்பசி மழையில் ஒரு பகல். காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது. மருந்து ஜன்னலில் கூட்டம் கலைந்த நேரம், நான் நிமிர்ந்தபோது சின்னப்பொண்ணு உள்ளே வந்துகொண்டிருந்தாள், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, குழந்தையை முந்தானைக்குள் மூடி. தனியாக வந்திருந்தாள். டாக்டர் அறை வாசலில் நிற்காமல் நேராகப் பொகக்காரம்மாவிடம் போய், குழந்தையை அவர் கையில் வைத்தாள்.

"பாருங்க."

இரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் பேசின முதல் வார்த்தை அது.

அவர் குழந்தையின் சட்டையைத் தூக்கி, நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேகமா வாங்குது" என்றார் கடைசியில். "ஆனா குழி விழல. பால் குடிக்குதா?"

"குடிக்குது. நேத்து ராத்திரியிலேர்ந்துதான் இப்பிடி. விடிஞ்சதும், ஓடையில தண்ணி ஏறறதுக்குள்ள கெளம்பிட்டேன்."

"நல்லா பண்ண. சீக்கிரம் வந்துட்ட."

டாக்டர் பார்த்தாள். நிமோனியாவின் ஆரம்பம்தான், மருந்திலேயே அடங்கிவிடும், ஆனாலும் இந்த மழையில் ஓடை பெருகிவிடும் என்பதால் இங்கேயே தங்கட்டும் என்றாள். நான் மாத்திரையைக் கரண்டியில் கரைத்துக் கொடுத்தேன். குழந்தை முகத்தைக் கோணலாக்கி, பாதியைத் துப்பி, மீதியை விழுங்கியது.

மத்தியானம் முழுக்க மழை விடவில்லை. குழந்தை பால் குடித்துவிட்டுக் கட்டிலில் தூங்கியது. சின்னப்பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொகக்காரம்மா சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். கூப்பிட்டாலும் சாப்பிட வரவில்லை. இடையிடையே குனிந்து குழந்தையின் நெஞ்சைப் பார்ப்பார், மறுபடி சுவரில் சாய்ந்துகொள்வார்.

சாயங்காலம் ஆகிற நேரத்தில் மூச்சு நிதானமாகிவிட்டதை நானே தூரத்திலிருந்து பார்த்தேன். சின்னப்பொண்ணும் பார்த்திருப்பாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"சாப்ட்டீங்களா?"

அவர் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"இன்னும் இல்ல."

சின்னப்பொண்ணு காலை மடக்கிக்கொண்டு, குழந்தையைச் சுவர்ப்பக்கம் லேசாக நகர்த்தி, கட்டிலில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள். பொகக்காரம்மா வந்து அதன் ஓரத்தில், விருந்துக்கு வந்தவர் போல, முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

நான் அவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவருகிலேயே நின்றுவிட்டேன். மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.